ஆறு ஆதாரமும் ஆள் குணமும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். நான், "சக்கரங்கள் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "கியர் சக்கரமா?" என்றார். "இல்லண்ணே, மூலாதாரம், சுவாதிட்டானம், அந்தச் சக்கரம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, பேசு. ஆனா கடைசியில ஏதாவது உருப்படியா சொல்லிடு" என்றார். உருப்படியாக ஒன்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அது நம் சங்கத்தின் ஊக்கத்தொகை பற்றியது. அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. இந்தச் சக்கர விஷயமெல்லாம் ஏதோ இமயமலையில் இருந்து வந்தது என்றுதானே நினைக்கிறோம்? அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்துத் திருக்கோவிலூருக்குப் போங்கள். தென்பெண்ணைக் கரையில் கீழூர் வீரட்டேசுவரர் கோயில் இருக்கிறது. அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. அங்கே பெரியானைக் கணபதி என்று ஒரு பிள்ளையார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் புறப்பட்டபோது, ஔவைப் பாட்டி பூசையை அவசரப்படுத்தாமல் நிதானமாகச் செய்தார் என்றும், பிள்ளையாரே அவரைத் துதிக்கையால் தூக்கி அவர்களுக்கு முன்பாகக் கயிலையில் சேர்த்தார் என்றும் தல வரலாறு. அப்போது பாட்டி பாடியதுதான் விநாயகர் அகவல் என்பது மரபு. சங்க காலத்து ஔவை வேறு, அகவல் பாடிய ஔவை வேறு, இவர் பிற்காலத்தவர் என்பது ஆய்வாளர் கருத்து. அது இருக்கட்டும். வீட்டில் சதுர்த்திக்குச் சதுர்த்தி நாம் ராகம் போட்டுப் படிக்கிற அந்த 72 வரிகளில், மூலாதாரமும் குண்டலினியும் ஆறு ஆதாரமும் மூச்சின் கணக்கும் அடுக்கடுக்காக வருகின்றன. கொழுக்கட்டைக்குக் காத்திருக்கும் அவசரத்தில் நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக ஆறு ஆதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரம். அதற்கு மேலே சுவாதிட்டானம். தொப்புள் பக்கம் மணிபூரகம். நெஞ்சில் அநாகதம். தொண்டையில் விசுத்தி. புருவ மத்தியில் ஆக்ஞை. ஒவ்வொன்றையும் தாமரையாகச் சொல்வார்கள். இதழ்கள் முறையே 4, 6, 10, 12, 16, 2. கூட்டிப் பார்த்தால் 50. வடமொழி எழுத்து ஐம்பதையும் இதழுக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே ஆயிரம் இதழ்த் தாமரை தனி. தமிழ்ச் சைவ மரபில் இதற்குத் தெய்வங்கள் உண்டு: கணபதி, பிரமன், திருமால், உருத்திரன், மகேசுவரன், சதாசிவன். ஊர்களும் உண்டு: திருவாரூர், திருவானைக்கா, திருவண்ணாமலை, சிதம்பரம், திருக்காளத்தி, காசி. உடம்பையே ஒரு தேசமாக, தேசத்தையே ஓர் உடம்பாகப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது தந்திரம் கொண்ட திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் யோகத்துக்கென்றே இருக்கிறது.

ஆனால் எல்லா நூலும் ஒரே கணக்குச் சொல்வதில்லை. பௌத்த தாந்திரிக நூலான ஹேவஜ்ர தந்திரத்தில் சக்கரம் நான்குதான். வேறு நூல்களில் ஒன்பது, பன்னிரண்டு என்றெல்லாம் வரும். நம் கணக்கிலேயே பாருங்கள். நெஞ்சுச் சக்கரத்துக்குப் பூதம் காற்று என்கிறார்கள். தலம் சிதம்பரம். ஆனால் பஞ்சபூதத் தலக் கணக்கில் சிதம்பரம் ஆகாயம், காளத்தி காற்று. இரண்டு பட்டியலும் அந்த இடத்தில் இடிக்கிறது. என்னைப் போன்ற எஞ்சினியருக்கு இது உறுத்தும். அந்தக் காலத்து யோகிக்கு உறுத்தவில்லை. ஏனென்றால் அவர் வரைந்தது பிளான் டிராயிங் அல்ல. தியானத்தில் மனம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான வழிக்குறிப்பு.

சரி, இதில் ஆளின் குணம் எங்கிருந்து வந்தது?

இங்கேயும் ஒரு சுவையான செய்தி. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் யாதவ அரசரின் ஆதரவில் இருந்த சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகரம்' எழுதினார். இசை நூல்தான். ஆனால் பாடுகிறவனின் உடம்பைச் சொல்லாமல் பாட்டைச் சொல்ல முடியாது என்று, தொடக்கத்திலேயே சக்கரங்களை விளக்குகிறார். ஒவ்வோர் இதழுக்கும் ஒரு மனநிலை. மணிபூரகத்தில் வெட்கம், பொறாமை, ஆசை, வருத்தம், அச்சம் போன்றவை. நெஞ்சுத் தாமரையில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அன்பு மட்டும் என்பீர்கள். கிடையாது. நம்பிக்கை, கவலை, முயற்சி, 'என்னுது' என்கிற எண்ணம், செருக்கு, விவேகம், பேராசை, கபடம், தயக்கம், கழிவிரக்கம் எல்லாம் ஒரே தாமரையில். நல்லதும் கெட்டதும் பக்கத்துப் பக்கத்து இதழ். உயிர் அந்த இதழ்களில் மாறி மாறி உட்காரும். எதில் நிற்கிறதோ அந்த மனநிலை வரும். எந்த இதழில் நின்றால் பாட்டு கைகூடும் என்றும் சொல்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். 'இவன் இந்தச் சக்கரத்து ஆள்' என்று அவர் சொல்லவில்லை. ஒரே ஆளுக்குள் உயிர் இதழுக்கு இதழ் நகர்கிறது என்கிறார். இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கதை கப்பல் ஏறியது. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில், 1577-இல் பூர்ணானந்தர் எழுதிய 'ஷட்சக்கர நிரூபணம்' என்ற நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1919-இல் வெளியிட்டார். மேல்நாட்டார் சக்கரம் பற்றி அறிந்தது பெரும்பாலும் அந்த ஒரு புத்தகத்தின் வழியாகத்தான். 1927-இல் நம் சென்னை அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் தலைவர்களில் ஒருவரான லெட்பீட்டர், தாம் ஞானதிருஷ்டியில் கண்டதாக வண்ணப் படங்களோடு ஒரு நூல் போட்டார். அதில் சுவாதிட்டானத்துக்குப் பதிலாக மண்ணீரல் சக்கரம் ஒன்றை வைத்துவிட்டார்! 1932-இல் சூரிக் நகரில் மனோதத்துவ மேதை யுங் குண்டலினி பற்றித் தொடர் சொற்பொழிவு நடத்தினார். சக்கரங்களை மனம் வளர்கிற படிகளாக விளக்கினார். 1970-களில் அமெரிக்காவில் இது புது உருவம் எடுத்தது. 1977-இல் வந்த கிறிஸ்டோபர் ஹில்ஸின் நூலில் ஏழு சக்கரத்துக்கும் வானவில்லின் ஏழு நிறத்தையும் ஏழு வகை ஆளுமையையும் பொருத்தினார்கள். மாஸ்லோ 1943-இல் எழுதிய தேவைகளின் படிநிலையையும் பிறகு வந்தவர்கள் இதோடு சேர்த்துக் கட்டினார்கள்.

இன்று யோகா வகுப்புச் சுவரில் தொங்குகிறதே, கீழே சிவப்பு, மேலே ஊதா என்று, அந்தப் படம் ஐந்தாயிரம் வருஷத்துப் படம் அல்ல. நம்மில் பலருடைய அப்பா அம்மாவை விட வயது குறைந்த படம். பூர்ணானந்தரின் நூலில் மணிபூரகத் தாமரை கார்மேக நிறம், ஆக்ஞை வெள்ளை. வானவில் அங்கே இல்லை.

இதில் தவறு ஒன்றும் இல்லை. கருத்துகள் பயணம் செய்யும், மாறும். நம் மிளகாய் கூட வெளியே இருந்து வந்ததுதான். ஆனால் இப்படிப் போய் வந்த சரக்கு, திரும்பி வரும்போது கையில் ஒரு கேள்வித்தாளையும் கொண்டு வந்திருக்கிறது. அங்கேதான் எனக்குப் பிரச்சினை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஊழியர்களுக்கு ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்கு நடத்தினார்கள். வந்தவர் நல்ல பேச்சாளர். காலையில் மூச்சுப் பயிற்சி, மதியம் கேள்வித்தாள். "பண விஷயத்தில் அடிக்கடி கவலைப்படுவீர்களா?", "குடியிருக்கும் இடம் பாதுகாப்பானது என்று உணர்கிறீர்களா?", "நாளைய சாப்பாடு பற்றி யோசிப்பது உண்டா?" இப்படி. பதிலைக் கூட்டி, உங்களுக்கு எந்தச் சக்கரம் ஓங்கியிருக்கிறது என்று கட்டம் போட்டுத் தருவார்கள். மேனேஜர்களுக்கு எல்லாம் விசுத்தி, ஆக்ஞை. சேல்ஸ் ஆட்களுக்கு மணிபூரகம். சிரிப்பும் கைதட்டலுமாகப் போனது.

எங்கள் பிரிவில் டிப்ளமோ படித்த ஒரு தம்பி. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூர். மலையாளி சமூகம். மலையாளி என்றால் கேரளக்காரர் இல்லை, நம் மலைவாழ் மக்கள். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் வருஷத்தில் பாதி நாள் வெளி மாநிலத்துக்கு எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார்கள். தங்கச்சிக்கு இவன்தான் பணம் அனுப்ப வேண்டும். அவன் கேள்வித்தாளில் உண்மையை எழுதினான். பணக் கவலை உண்டு. வீடு மழைக்கு ஒழுகும். நாளைய சாப்பாடு பற்றி யோசிப்பதும் உண்டு. முடிவு என்ன? 'மூலாதார ஆளுமை. பாதுகாப்பு நாடுபவர். தலைமைப் பொறுப்புக்கு இன்னும் தயாராகவில்லை.'

விளையாட்டுக்குத்தானே என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து ஷிப்ட் இன்சார்ஜ் பட்டியல் வந்தது. அவன் பெயர் இல்லை. கேட்டதற்கு அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அவனிடம் சொன்னபோது கோபப்படவில்லை. "சார், வூடு ஒழுவுதான்னு கேட்டாங்க, ஒழுவுதுன்னேன். அதுல என் கொணம் எங்க சார் வந்துச்சு?" என்றான்.

இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. எங்கள் பாஷையில் வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். ஒரு மூன்று பேஸ் மோட்டார் திணறுகிறது, சூடாகிறது. உடனே 'இது கெட்ட மோட்டார்' என்று சீல் குத்துவோமா? முதலில் சப்ளை வோல்டேஜ் பார்ப்போம். 415 வரவேண்டிய இடத்தில் 340 வந்தால் எந்த மோட்டாரும் திணறத்தான் செய்யும். அந்தக் கேள்வித்தாள் சப்ளையை அளந்துவிட்டு மோட்டாருக்கு மார்க் போட்டது. வறுமையை அளந்து, அதற்குக் குணம் என்று பெயர் வைத்தது.

"ஆனால் எனக்கு வந்த முடிவு ரொம்பச் சரியாக இருந்ததே!" என்று அன்றைக்குப் பலரும் சொன்னார்கள். அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. 1948-இல் அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஆளுக்கொரு முடிவுத்தாள் கொடுத்து, 'உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள்' என்றார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! வாக்கியங்களைப் பெரும்பாலும் கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 'உங்களிடம் வெளியே தெரியாத திறமை இருக்கிறது', 'வெளியில் உறுதியாக இருந்தாலும் உள்ளே சில சமயம் தடுமாறுவீர்கள்' என்கிற மாதிரி எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது? பொருந்துகிறது என்பதாலேயே அளவை சரி என்று ஆகிவிடாது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், "அப்படியானால் சக்கரமே பொய்யா தம்பி?" நியாயமான கேள்வி. ஆரிய சமாஜம் கண்ட தயானந்த சரஸ்வதி இளவயதில் இதைச் சோதித்தே பார்த்தார். ஆற்றில் மிதந்து வந்த பிணத்தைக் கரைக்கு இழுத்து, கத்தியால் அறுத்து, நூலில் சொன்ன தாமரைகள் இருக்கின்றனவா என்று தேடினார். இல்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் விட்டுவிட்டதாக அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1927-இல் பம்பாய் டாக்டர் வசந்த் ரேலே, சக்கரங்கள் நரம்புப் பின்னல்களைக் குறிக்கின்றன என்று நூல் எழுதினார். ஆனால் சக்கரம் என்று தனியாக ஓர் உறுப்பை இதுவரை எந்தக் கருவியும் காட்டவில்லை. நான் கருவியோடு பிழைக்கிறவன், அதை ஒளித்துப் பேச மாட்டேன்.

அதே சமயம், கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு மேலே போகிற ரோட்டை நினைத்துப் பாருங்கள். கோமுகி அணையைத் தாண்டி வளைவு வளைவாக ஏறும். வளைவுக்கு ஒரு நம்பர் போட்டு வைத்தால் டிரைவருக்கு உதவி. பாறையை உடைத்து 'நம்பர் எங்கே?' என்று தேடினால் கிடைக்காது. அதற்காக நம்பர் பொய்யா? ஏறுகிறவனுக்கு அது உண்மையான உதவி. ஆறு ஆதாரமும் அப்படித்தான் என்பது என் எண்ணம். உள்ளே பயணம் போகிறவன் போட்டுக்கொண்ட வளைவு நம்பர். பயம் வந்தால் அடிவயிறு பிசைகிறது. துக்கத்தில் தொண்டை அடைக்கிறது. பாசத்தில் நெஞ்சு கனக்கிறது. இதற்குச் சான்று கேட்க வேண்டியதில்லை, நம் உடம்பே சொல்கிறது. நம் முன்னோர் அதை வரிசைப்படுத்தி மனதைக் கவனிக்க ஒரு வழி செய்தார்கள்.

ஆனால் மூன்றாவது வளைவில் வண்டி நிற்கிறது என்பதற்காக, 'இவன் மூன்றாம் வளைவு மனிதன்' என்று யாராவது சொல்வார்களா? கச்சிராயபாளையத்தில் இருப்பவன் தாழ்ந்தவன், வெள்ளிமலையில் இருப்பவன் உயர்ந்தவன் என்று உண்டா? சந்தைக்கு வந்தவன் காலையில் மேலே, மதியம் கீழே, ராத்திரி மறுபடி மேலே. சொல்லப்போனால், உயரக் கணக்குப்படி பார்த்தால் அந்தத் தம்பிதான் எங்கள் எல்லோருக்கும் மேலே, 2,000, 3,000 அடியில் பிறந்தவன்! அவனுக்குப் போய் 'அடிமட்டம்' என்று சீட்டு எழுதினார்கள்.

அடிமட்டம் என்றேனே, அதற்கும் ஒரு வார்த்தை. மூலாதாரம் நம் மரபில் இழிந்த இடமா? அங்கே உட்கார்ந்திருப்பவர் யார்? பிள்ளையார். எந்தப் பூசையும் எந்தக் கல்யாணமும் எந்தக் கணக்கு நோட்டும் யாரிடமிருந்து தொடங்குகிறது? மூலம் என்றால் வேர். ஆதாரம் என்றால் தாங்குவது. கட்டடம் கட்டுகிற சிவில் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அஸ்திவாரத்தை யாராவது 'கீழானது' என்று திட்டுவீர்களா? 'மூலாதார ஆள்' என்பதை மட்டமான பேச்சாக மாற்றியது பின்னால் வந்த ஏணிப் புத்தி. ஔவைப் பாட்டிக்கு அது தெரியாது.

இந்த ஏணிப் புத்தி ஆபீசோடு நின்றால் பரவாயில்லை. 2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலி வேலை பார்த்த குடும்பங்கள். அந்த வாரம் வெளியூர் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டது, "உங்க ஊர் ஆளுங்க குணமே அப்படித்தானா?" என்பது. மெத்தனால் எப்படி வந்தது, யார் விற்றார்கள், யார் கண்டுகொள்ளவில்லை, உடம்பு வலிக்க வேலை செய்தவன் ஏன் அந்தப் பாக்கெட்டைத் தேடிப் போனான் என்கிற நான்கு கேள்விகளும் அந்த ஒரு 'குணம்' என்ற சொல்லுக்குள் மறைந்து போகின்றன. குணம் என்று சொல்லிவிட்டால் விசாரிக்க வேண்டியதில்லை பாருங்கள். அதுதான் அந்தச் சொல்லின் சௌகரியம். அதுதான் ஆபத்தும்.

அப்படியானால் இந்த மரபை எப்படிப் பயன்படுத்துவது? நம் தமிழ்நாட்டிலேயே இரண்டு பேர் வழி காட்டியிருக்கிறார்கள்.

ஒருவர் வேதாத்திரி மகரிஷி. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2006-இல் மறைந்தார். இங்கே இருப்பவர்களில் பலர் மனவளக்கலை மன்றத்துக்குப் போனவர்களாக இருப்பீர்கள். அவர் குண்டலினி யோகத்தை எளிமையாக்கி, கீழிருந்து ஏறச் சொல்லாமல் ஆக்கினையிலேயே தொடங்கினார். பிறகு சாந்தி தவம் என்று மூலாதாரத்துக்கு இறக்கவும் கற்றுக்கொடுத்தார். ஏறுவது மட்டும் பெருமை இல்லை, இறங்கவும் தெரிய வேண்டும். குணத்துக்கு என்று 'அறுகுண சீரமைப்பு' வைத்தார். பேராசையை நிறைமனமாக, சினத்தைப் பொறுமையாக, கடும்பற்றை ஈகையாக, முறையற்ற பால்கவர்ச்சியைக் கற்பு நெறியாக, உயர்வு தாழ்வு மனப்பான்மையை நேர்நிறை உணர்வாக, வஞ்சத்தை மன்னிப்பாக மாற்றுவது. ஆறும் எல்லோரிடமும் உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. ஆளுக்கு ஒன்று என்று பங்கு பிரிக்கவில்லை. அதோடு, நோட்டை எடுத்து எழுதச் சொன்னார். யார் மேல் எனக்குச் சினம் வருகிறது, எதற்காக, எப்படிக் குறைப்பது? எழுதுபவனும் நான், திருத்த வேண்டியவனும் நான்.

இன்னொருவர் ரமண மகரிஷி. அவருக்கும் நம் திருக்கோவிலூருக்கும் தொடர்பு உண்டு. 1896 ஆகஸ்ட் கடைசியில், 16 வயதுப் பையனாக மதுரையை விட்டுக் கிளம்பி, மாம்பழப்பட்டு வரை ரயிலில் வந்து, அறகண்டநல்லூர் வழியாகக் கீழூருக்குப் பசியோடு நடந்து வந்தார். வீரட்டேசுவரர் கோயிலில் சோறு கேட்டபோது, கோயில் மேளக்காரர் தம் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். இந்தப் பையன் எந்த வகை ஆள், எந்தச் சக்கரம் என்று அந்த மேளக்காரர் விசாரிக்கவில்லை. பசிக்கிறது, சோறு இருக்கிறது, அவ்வளவுதான். பின்னாளில் சக்கரங்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு ரமணர், தன்னை அறிய விரும்புகிறவன் அவற்றைக் கணக்கெடுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை, 'நான் யார்?' என்று உள்ளே பார்த்தால் போதும் என்கிற வகையில்தான் சொல்லிவந்தார்.

இரண்டு பேரும் வேறு வேறு வழி. ஆனால் ஒரு விஷயத்தில் ஒன்று. பார்வை உள்ளே போகிறது. ஔவையின் அகவலை இன்று ராத்திரி எடுத்துப் படித்துப் பாருங்கள். எனக்கு, என்னை, என் உள்ளத்தில் என்றுதான் வரும். 'அவனுக்கு', 'அவளுக்கு' வராது. ஆறு ஆதாரம் தன்னைப் பார்க்கக் கொடுத்த கண்ணாடி. அதை அடுத்தவன் முகத்துக்கு நேரே பிடித்து மார்க் போட ஆரம்பித்தால், அது கண்ணாடி வேலையை நிறுத்திவிடும்.

ஆகவே என் கைக்கு வந்த வரையில் மூன்று விதிகள். ஒன்று, தன்னைத் திருத்த எந்த வரைபடமும் நல்லதே. வானவில் நிறம் போட்டதாக இருந்தாலும் சரி, மனம் அமைதியானால் லாபம். இரண்டு, அடுத்தவருக்கு வேலை, படிப்பு, பெண், மாப்பிள்ளை முடிவு செய்ய அதை எடுக்கக் கூடாது. மூன்று, ஒருவருடைய நடத்தை நமக்குப் புரியவில்லை என்றால், குணத்தைத் தேடும் முன் நிலைமையைக் கேட்க வேண்டும். சப்ளை வோல்டேஜ் முதலில்.

இப்போது செயலாளர் அண்ணன் கேட்ட 'உருப்படியான' விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கம் இந்த வருஷம் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஊக்கத்தொகை தரப்போகிறது. தேர்வு செய்ய ஓர் ஆளுமைத் தேர்வு வைக்கலாம், தலைமைப் பண்பு உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல மனதோடு வந்த யோசனைதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் என் வேண்டுகோள், அதை வைக்காதீர்கள். வைத்தால் என்ன நடக்கும்? கள்ளக்குறிச்சி டவுனில் கான்வென்டில் படித்த பிள்ளை, 'நான் துணிச்சலானவன், மேடை பயமில்லை' என்று எழுதும். கரியாலூர்ப் பக்கத்தில் இருந்து இருட்டோடு கிளம்பி பஸ் பிடித்து வருகிற பிள்ளை, 'பயமாக இருக்கிறது, பணம் பற்றிக் கவலை' என்று உண்மையை எழுதும். உண்மை எழுதிய பிள்ளைக்கு நாம் பணம் மறுப்போம். யாருக்காக இந்த நிதி சேர்த்தோமோ அவர்களையே வடிகட்டி வெளியே அனுப்புவோம்.

அதற்குப் பதிலாக விண்ணப்பத்தில் நாலே கேள்வி போதும். வீட்டில் இருந்து கல்லூரிக்கு வர எவ்வளவு நேரம்? வீட்டில் இப்போது சம்பாதிப்பவர் யார்? படிப்புக்கு இந்த வருஷம் எவ்வளவு குறைகிறது? உன்னைத் தெரிந்த ஓர் ஆசிரியர் யார்? அந்த ஆசிரியரிடம் ஒரு போன் பேசுவோம். முடிந்தால் நம்மில் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் வருவோம். என்னுடைய வண்டி இருக்கிறது, டீசல் என் செலவு.

அந்தத் தம்பி என்ன ஆனான் என்று சிலர் யோசிப்பீர்கள். அங்கிருந்து விலகி இன்னொரு ஆலைக்குப் போனான். அங்கே அவனுக்குக் கேள்வித்தாள் கொடுக்கவில்லை, வேலை கொடுத்தார்கள். இப்போது ஒரு ஷிப்டை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். தங்கச்சி நர்சிங் படிக்கிறாள். வீட்டுக்கு இன்னும் புதுக் கூரை போடவில்லை, வரும் தை மாதம் போடப் போவதாகச் சொன்னான்.

ஊக்கத்தொகை விஷயத்தைச் செயற்குழு இன்று மாலைக் கூட்டத்திலேயே எடுத்து முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். சாப்பாடு ரெடி என்று அங்கே கை காட்டுகிறார்கள். பசிக்குச் சக்கரம் இல்லை.